அளவுக்கு ஒரு ஆள்

மூக்கு நுனியில் ஈ உட்கார்ந்திருக்கிறது, விரட்டக்கூடாது. கையைத் தூக்கினால் வலது காதில் செருகியிருக்கிற இயர்போனுக்குள் "பிலோ, கை" என்பார், அவ்வளவுதான் பேச்சு. இருபது வருஷத்துக்கு மேலாக எனக்கும் பெர்க்மான்ஸுக்கும் நடக்கிற பேச்சில் பாதி இப்படித்தான். பிலோ, கை. பிலோ, தலை. பிலோ, முந்தானை. கட்டின பெண்டாட்டியைத் துண்டு துண்டாகக் கூப்பிடுகிற புருஷன் உலகத்தில் வேறு யாராவது இருக்கிறானா தெரியவில்லை. ஈ இப்போது மேலுதட்டுக்கு இறங்கிவிட்டது, இறங்கட்டும், அதுவாவது என் முகத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். கண்ணுக்கெட்டிய வரை சிவப்பு மணல், அங்கங்கே பனை, தூரத்தில் கறுப்பாகக் கொல்லாமரம் என்கிற முந்திரிக் கூட்டம், இதைத் தவிர ஒன்றுமில்லாத இந்தத் தேரியில், கூப்பிடு தூரத்துக்கும் அப்பால் ஒரு மணல்மேட்டில் முக்காலிமேல் கேமராவை ஏற்றி வைத்துக்கொண்டு அவர் நிற்கிறார், இங்கே பள்ளத்தில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு நான் நிற்கிறேன். பன்னிரண்டு அடி நீளத்துக்கு அச்சடித்துச் சுவரில் மாட்டினால் நான் ஒரு சுண்டுவிரல் உயரத்துக்கு வருவேன். ஆள் இல்லாவிட்டால் பார்க்கிறவனுக்கு நிலம் எவ்வளவு பெரிது என்று தெரியாதாம். "அளவுக்கு ஒரு ஆள் வேணும் பிலோ, நீ வாயேன்" என்று கல்யாணமான புதிதில் உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார், நான் என்னமோ தேனிலவுக்குக் கூப்பிட்ட மாதிரி தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு போனேன். போனதும் முதுகைக் காட்டித் திரும்பி நிற்கச் சொன்னார். அன்றைக்குத் திரும்பினவள்தான். இத்தனை வருஷத்தில் அவர் எடுத்த ஒவ்வொரு படத்திலும் நான் இருக்கிறேன், ஒன்றில்கூட எனக்கு முகம் கிடையாது. இன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரைப் பார்த்து நிற்கிறேன், அதுவும் நானாக வாய்விட்டுக் கேட்டு வாங்கியது.

ஏன் கேட்டேன் என்றால் வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். இடது காதுக்குக் கீழே, கன்னம் முடிகிற இடத்தில் ஒரு கட்டி. முதலில் கோலிக்குண்டு அளவுகூட இல்லை, ஏதோ நெறிகட்டியிருக்கிறது என்று சுக்கு இழைத்துப் போட்டேன், ஆறு மாதத்தில் விரலுக்கு நன்றாகத் தட்டுப்படுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. கெட்ட கட்டி இல்லை என்று ஊசி போட்டுப் பார்த்துச் சொன்னார்கள், ஆனால் விட்டு வைக்கக் கூடாதாம். அந்த டாக்டரம்மா சின்ன வயசு, நல்ல மாதிரி, தன் கன்னத்திலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினாள். "முகத்தோட நரம்பு இந்தக் கட்டிக்குள்ளதான் ஓடுது டீச்சர். பாத்துத்தான் எடுப்போம். ஆனா வாய் ஒரு பக்கமா இழுத்துக்கலாம், கண் சரியா மூடாம போகலாம். சிலருக்கு அப்புறம் சரியாயிரும், சிலருக்கு ஆகாது. சொல்ல வேண்டியது என் கடமை." அவள் கடமை முடிந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் பெர்க்மான்ஸ் உட்கார்ந்திருந்தார், சன்னல் வழியாக எதிர்க் கட்டடத்துச் சுவரில் விழுந்த வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். துக்கத்தில்தான் அப்படிப் பார்த்தார் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அப்படியே நினைக்க ஆசை. இப்போது கட்டி அரிக்கிறது. உண்மையில் அரிக்கிறதா, கை வைக்கக் கூடாது என்பதால் அரிக்கிறதா, தெரியவில்லை, ஆனால் மனசு முழுக்க அந்த ஒரு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்து வரமாட்டேன் என்கிறது.

"பிலோ, மேகம் வருது. இன்னும் கொஞ்ச நேரம்." சரி. மேகத்துக்காக நிற்பது எனக்குப் புதிதா? அவர் படம் 'எடுக்கிற' ஆள் இல்லை, அதைச் சொன்னால் கோபம் வரும். "நான் வரையிறேன், பெயின்ட்டுக்குப் பதிலா வெளிச்சம்" என்பார், பேட்டியிலும் அதையே சொல்வார், வீட்டில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்தவனிடமும் அதையே சொன்னார். ஒரு இடத்தைப் பிடித்துவிட்டால் ஒரு வாரம் தினமும் போய் உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டுப் பார்ப்பார். இந்தப் பனை இங்கே, நிழல் அங்கே, ஆள் இதோ இந்த இடத்தில் என்று முடிவு பண்ணி மணலில் ஒரு குச்சியை ஊன்றிவிட்டு வருவார். அப்புறம் அந்தக் காகிதத்தில் இருக்கிற மாதிரி வானம் தானாக வந்து பணிகிற வரைக்கும் காத்திருப்பார். ஒரே அமுக்கில் முடிகிற வேலையும் இல்லை. கேமரா கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பித் திரும்பி நிலத்தைப் பத்தி பத்தியாக எடுக்கும், அவற்றை வீட்டில் கம்ப்யூட்டரில் ஒட்டித் தைத்து ஒரே படமாக்குவார். தையல் தெரியாது. கிட்டப் போய் மூக்கை வைத்துப் பார்த்தாலும் ஒவ்வொரு மணலும் தனித்தனியாகத் தெரியும். என் முகமும் தெரியும், அவர் பக்கம் திரும்பி நின்றால். மிளகு அளவுதான் இருக்கும், இருந்தாலும் கண், மூக்கு, வாய் எல்லாம் அதில் இருக்கும், அதை அவர்தான் ஒரு தடவை பெருமையாகச் சொன்னார். "ஒரு மிளகுக்குள்ள ஆள அடையாளம் சொல்லிரலாம் பிலோ, அவ்வளவு நுணுக்கம்." அந்த மிளகைத்தான் கேட்டேன்.

புடவையும் அவர்தான் எடுப்பார். மற்ற வீட்டில் புருஷன் புடவை எடுத்துக் கொடுத்தால் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். எனக்கு உப்பளத்துக்கு மஞ்சள், அனல்மின் நிலையத்துச் சாம்பல் மேட்டுக்குச் சிவப்பு, சதுப்புக் காட்டுக்கு ஒரு மாதிரி செங்கல் நிறம். எனக்கு எது எடுக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை, மண்ணுக்கு எது எடுக்கும் என்று பார்ப்பார். இந்தச் சிவப்புத் தேரிக்கு வெள்ளைதான் என்று போன மாதமே சொல்லிவிட்டார். சுத்த வெள்ளை, கரைகூட இல்லை. தாலி கட்டின மனுஷனே கையோடு வாங்கிக் கொடுத்த வெள்ளைப் புடவை. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள், எங்களுக்குச் சின்ன வயசில் கோயிலில் முதல் நன்மை வாங்கும்போதும் வெள்ளை, கல்யாணத்துக்கும் வெள்ளை, பெட்டியில் வைக்கும்போதும் வெள்ளைதான், இருந்தாலும் கடைக்காரன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக் கூசிப்போயிற்று. "யாருக்குண்ணே?" என்று அவரைக் கேட்டான். "இவங்களுக்குத்தான்" என்றார் இவர், கூசாமல், துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே. கடைக்காரன் அதற்கப்புறம் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அப்படி ஒன்றும் நான் அழகி இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ கிழவி அழகுக்கு ஆலாய்ப் பறக்கிறாள் என்று ஆகிவிடும். எனக்கு முகம் வேலைக்கு வேண்டும். இருபத்தெட்டு வருஷமாகப் பெண்கள் பள்ளியில் பூகோளம் எடுக்கிறேன், ஒரு பிள்ளையை அடித்ததில்லை, கத்தினதில்லை, இடது புருவத்தை லேசாகத் தூக்கினால் போதும், கடைசி பெஞ்சு வரைக்கும் அடங்கிவிடும். அந்தப் புருவமும் கட்டிக்குள் ஓடுகிற அதே நரம்பில்தான் தொங்குகிறதாம். ஆபரேஷன் லீவு முடிந்து போகிற திங்கட்கிழமை நான் புருவத்தைத் தூக்க, அது தூங்கிக்கொண்டிருக்க, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க. சிரிக்க மாட்டார்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை, பாவப்படுவார்கள், அதைத்தான் தாங்க முடியாது. தண்ணீர் குடித்தால் ஒரு ஓரமாக வழியும். தூங்கும்போது ஒரு கண் திறந்திருக்கும், பிளாஸ்திரி போட்டு மூட வேண்டும். நேற்றுக் கண்ணாடி முன்னால் நின்று இடது கன்னத்தை விரலால் கீழே இழுத்துப் பார்த்தேன், இப்படி இருக்குமோ, இதைவிட மோசமாக இருக்குமோ என்று. குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். வெளியே அவர் போனில் யாரிடமோ தேரி மணலின் சிவப்பு மூன்று விதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பிள்ளைகளுக்கு அதே மணலை ஒரே வரியில் சொல்லி முடிப்பேன், இரும்புச்சத்து உள்ள மணல், காற்று கொண்டுவந்து குவித்தது, தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள். மூன்று விதமாம். என் கன்னத்து நிறம் போன வருஷத்துக்கு இந்த வருஷம் மாறியிருக்கிறது, அதை எத்தனை விதமாகப் பார்த்தார்?

நியாயமாகவும் சொல்ல வேண்டும். மனுஷன் ஏன் இப்படி ஆனார் என்று எனக்குத் தெரியும். அவர் அப்பா தூத்துக்குடியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். பாஸ்போர்ட் போட்டோ, பெண் பார்க்க அனுப்புகிற போட்டோ, அப்புறம் சாவு வீட்டுப் போட்டோ. செத்தவரை நாற்காலியில் உட்கார்த்தி, தாடையைக் கட்டி, சுற்றி மக்களும் மருமக்களும் நிற்க ஒரு படம் எடுப்பது அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இவர் அப்பாவோடு லைட்டைத் தூக்கிக்கொண்டு போவாராம், பிணத்தின் முகத்தில் நிழல் விழாமல் பிடிக்க வேண்டுமாம். "முகம்னாலே எனக்கு அந்த வாசம்தான் வருது பிலோ" என்று கல்யாணமான புதிதில் ஒரு நாள் சொன்னார், நான் அவர் தலையைக் கோதிவிட்டேன். முகத்திலிருந்து தப்பித்துத்தான் நிலத்துக்கு ஓடி வந்தார். ஓடி வந்தவர் என்னையும் ஏன் இழுத்துக்கொண்டு வந்தார், வந்தவளை ஏன் முதுகாக நிறுத்தினார், அதைக் கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. மகள் கல்யாணத்துக்கு வெளியிலிருந்து ஆள் வைத்துத்தான் படம் எடுத்தோம். பெரிய போட்டோக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பம் இவ்வளவுதானா என்று சம்பந்தி வீட்டார் கேட்டார்கள், நான் சிரித்துச் சமாளித்தேன்.

மெட்ராஸில் போன வருஷம் கண்காட்சி. பெரிய ஹால், ஏசி, மெல்லிசாக ஒரு வயலின் ஓடிக்கொண்டிருந்தது. சாம்பல் மேட்டுப் படம் நடுச்சுவரில், சிவப்புப் புடவையில் நான். முன்னால் குடுமி வைத்த ஒருவர் நின்று, கூட வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "அந்த ஒற்றை உருவத்தைப் பாருங்க, மொத்த மனித குலத்தோட தனிமையும் அதுல இருக்கு." அந்தப் படம் எடுத்த அன்றைக்கு எனக்கு இடுப்புப் பிடிப்பு, மாத்திரை போட்டுக்கொண்டு நின்றேன், எப்போது முடியும், ஒண்ணுக்குப் போக வேண்டும் என்பதுதான் அந்த உருவத்தில் இருந்தது. கையில் கட்லெட் தட்டோடு நான் என் படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன், யாராவது ஒருவர், ஒரே ஒருவர், புள்ளியையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்களா என்று. ஒரு அம்மாள் வந்தாள், பட்டுப்புடவை, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. "கொஞ்சம் நகருறீங்களா, மறைக்குது" என்றாள். நகர்ந்தேன். நகரச் சொன்னால் நகர்வதும் நிற்கச் சொன்னால் நிற்பதும் எனக்கு நன்றாக வரும். அன்றைக்கு ராத்திரி இதைச் சொல்லிச் சிரித்தேன், அவரும் சிரித்தார், அவர் சிரிப்பு நின்ற பிறகும் என் சிரிப்பு நிற்காமல் எங்கேயோ போய் அழுகையாகிவிட்டது.

இன்றைக்கு ஒரு வேடிக்கை. முதுகைக் காட்டியே நின்றதால் அவர் வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை. பின்னால் மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வியர்வை சொட்ட, என்னைக் கண்ணால் கட்டி இழுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் மரமாக நின்றிருக்கிறேன். இப்போது பார்க்கிறேன். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றுகிறார். கால்மேல் கால். அவர் தலை அண்ணாந்தே இருக்கிறது, வானத்தைப் பார்க்கிறார், பனையைப் பார்க்கிறார், என் பக்கம் ஒரு தடவை திரும்பியது, அப்பாடா என்று நினைப்பதற்குள் என்னைத் தாண்டிக் கொல்லாமரத்துக்குப் போய்விட்டது. டீ உறிஞ்சுகிற சத்தம் என் காதுக்குள் கேட்கிறது. எனக்கு நாக்கு வறண்டு கிடக்கிறது. கோபம் வருகிறது, அதோடு சிரிப்பும் வருகிறது, சிரித்தால் "பிலோ, தோள்" என்பார்.

யாரோ வருகிறார்கள். தலையில் உடைமுள் விறகுக் கட்டு, கையில் அரிவாள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். நேராக என்னிடம்தான் வருகிறாள். என் புடவையை மேலும் கீழும் பார்க்கிறாள்.

"ஏம்மா, சிஸ்டரா நீங்க? மடத்துலேருந்தா?"

"இல்லம்மா." உதட்டை அசைக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

"பெறவு யாரு போயிட்டா? வெயில்ல தனியா வந்து நிக்கிய?"

"யாரும் போகல. அங்க நிக்காவல்லா, அவியதான் எங்க வீட்டுக்காரர். போட்டோ எடுக்காவ."

அவள் கண்ணுக்குமேல் கை வைத்து மேட்டைப் பார்க்கிறாள். "முக்காலியப் பாத்ததும் நான் சர்க்கார் ஆளு அளக்க வந்திருக்காவன்னு நெனச்சேன். மனசு பக்குன்னு ஆயிட்டு. போட்டோவா? புருசன் உசுரோட இருக்கையில இதென்ன கோலம்? நல்லாவா இருக்கு?" பதில் எதிர்பார்க்காமல் விறகைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "இம்புட்டுத் தூரத்துல நின்னா மூஞ்சி தெரியுமா?" என்கிறாள்.

"தெரியும்" என்கிறேன். எனக்கே கேட்கிற அளவுக்கு அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இயர்போன் மைக்கில் அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு, "அந்தம்மாவ சீக்கிரம் போகச் சொல்லு பிலோ, வெளிச்சம் போயிரும்." அவளிடம் போகச் சொல்ல எனக்கு மனமில்லை, அவள்தான் இன்றைக்கு என் முகத்தைப் பார்த்துப் பேசின ஒரே ஆள். அவளாகவே, "கன்னத்துல என்னது வீங்கியிருக்கு, பூச்சி கடிச்சிட்டா? சுண்ணாம்பு தடவுங்க" என்று சொல்லிவிட்டு விறகோடு போகிறாள். பார்த்தாயா, நின்ற இடத்தில் பார்த்துவிட்டாள். அவள் போன பிறகு மணல் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

கேட்ட அன்றைக்கு அவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார், இடியாப்பமும் சொதியும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சொதியை இரண்டு தடவை ஊற்றினேன். "தேரிப் படத்துல நான் திரும்பி நிக்கட்டுமா? உங்களப் பாத்து. ஒரே ஒரு படம். வியாழக்கிழமைக்குப் பெறவு இந்த மொகம் இருக்குமோ என்னமோ." கல்யாணத்துக்குப் புடவை கேட்கக்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை. அவர் இடியாப்பத்தைப் பிசைவதை நிறுத்தினார். படத்தை மனசுக்குள் திருப்பிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, புருவம் அப்படிச் சுருங்கியது. பிறகு "சரி" என்றார். அந்த ஒரு சரியில் நான் இரண்டு நாள் பறந்தேன். ஐம்பத்திரண்டு வயசில், கட்டியை வைத்துக்கொண்டு, தலைக்குச் சாயம் போட்டேன். இன்றைக்குக் கேமராவிலிருந்து இந்தக் குச்சி வரைக்கும் நடந்து வரும்போதுகூட அவர் காதுக்குள் ஆசையாகத்தான் பேசினார். "மெதுவா போ பிலோ. இன்னும் மெதுவா. அப்படியே, அப்படியே." என் நடையைப் பற்றி அவர் பேசியே எத்தனை காலமாயிற்று. குச்சியைப் பிடுங்கி மணலில் புதைத்துவிட்டு, நானாகத் திரும்பி அவரைப் பார்த்து நின்றேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நின்ற மாதிரி.

"பிலோ, வந்துட்டு. இப்ப. அசையாத." மேகம் வந்துவிட்டது. இடதுகைப் பக்கத்துப் பனைகள் ஒவ்வொன்றாக நிழலுக்குள் போகின்றன, என்மேல் வெயில் அப்படியே இருக்கிறது, சாய்ந்த வெயில், மணலின் ஒவ்வொரு வரியும் எழுந்து நிற்கிறது. அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார், கேமரா தலையைத் திருப்புவது வெயிலில் மினுங்கித் தெரிகிறது. ஐயோ, என்ன முகம் வைப்பது? இதை நான் யோசிக்கவே இல்லையே. சிரிக்கவா? சிரித்தால் இளிப்பதுபோல இருக்கும். முறைக்கவா? மாதா சுரூபம் மாதிரி சாந்தமாக வைத்தால் பொய். தூரத்துக்கு முகம் வைப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. டீச்சர் முகம், அம்மா முகம், பூசைக்குப் போகிற முகம், எல்லாம் ஓடி வருகிறது, ஒன்றும் உட்காரமாட்டேன் என்கிறது. விடு. ஈ, அரிப்பு, வியாழக்கிழமை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் கறுப்புப் புள்ளியை, அந்தக் கேமராவை, அதன் பின்னால் குனிந்திருக்கிற ஆளை நேராகப் பார்க்கிறேன். பாருங்க. நான்தான். பிலோமினா. புருவத்தைப் பாருங்க, இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கு. வாய் நேராக இருக்கு. இது நாலு நாளைக்குத்தான் இருக்கும், எடுத்துக்கிடுங்க. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது படத்தில் தெரியாது, தெரிந்தாலும் இருக்கட்டும். எவ்வளவு நேரம் போயிற்று தெரியாது. பனைகளை விட்டு நிழல் நகர்ந்து என் காலுக்கு வந்தபோது, "முடிஞ்சுது பிலோ. வா" என்றார். அவர் குரல் நடுங்கியது. எனக்கு அந்த நடுக்கம் தெரியும், நல்ல படம் விழுந்தால்தான் அது வரும்.

மணலில் ஏறி வருவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. காரின் பின்கதவைத் தூக்கிவிட்டு, லேப்டாப்பை நிழலில் வைத்துக் கறுப்புத் துணியைப் போர்த்தி, துண்டுகளை அவசரமாக ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் ஓரமெல்லாம் பிசிறு. "பாரு, பாரு" என்று எனக்கு இடம் விட்டு நகர்கிறார், பிள்ளை மாதிரி. துணிக்குள் தலையை நுழைக்கிறேன். சிவப்பு. அவர் சொன்ன மூன்று விதமும் தெரிகிறது, பாவி மனுஷன் பொய் சொல்லவில்லை. நிழலுக்குள் பனைகள், வெயிலில் மணல், வானம் இவ்வளவு தாழ்ந்து வருமா என்று ஒரு பயம். நடுவில் வெள்ளையாக நான். விரலை வைத்துப் பெரிதாக்குகிறேன். இன்னும். முதுகு. ஒரு கால் முன்னால், ஒரு கால் எடுக்கப்போகிற மாதிரி, தலை லேசாகக் குனிந்து, முந்தானை ஓரம் காற்றில். போய்க்கொண்டிருக்கிறேன்.

"இது எப்ப?"

"நீ நடந்து போகும்போதே உன்ன எடுத்துட்டேன். மண்ணும் வானமும் இப்ப எடுத்தது, நடுவுல அத ஒட்டியாச்சு. அந்த நடையில ஒண்ணு இருந்துச்சு பிலோ. பாரு, திரும்பி வரவே மாட்டேங்குற மாதிரி."

"அப்ப நான் நின்னது?"

"அதும் இருக்கு. எல்லாத்தையும் எடுத்தேன், வச்சும் பாத்தேன்." துணிக்கு வெளியிலிருந்து அவர் குரல் மெல்ல வருகிறது. "மொகம் இருந்தா கண்ணு நேரா அங்க போயிருது. பெறவு மண்ணு இல்ல, வானம் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் ஒரு பொம்பள நிக்கா. படம் செத்துருது."

துணிக்குள்ளேயே இருக்கிறேன். இது நன்றாக இல்லை என்று சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான் வார்த்தை தேடுகிறேன், கிடைக்கவில்லை. இருபது வருஷம் நின்றதில் எனக்கும் கண் வந்து தொலைந்திருக்கிறது. அவர் சொல்வது சரி. இவர் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான், அந்த முதுகு இல்லாவிட்டால் அது இல்லை. இது கெட்ட படமாக இருந்திருந்தால் நான் இந்த லேப்டாப்பைத் தூக்கி மணலில் போட்டிருப்பேன், சத்தம் போட்டு அழுதிருப்பேன், அவரும் மன்னிப்புக் கேட்டிருப்பார். நல்ல படத்தை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் அழுவேன். வெளியே வருகிறேன். "நல்லாருக்கு" என்கிறேன். சொல்லும்போது எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பு இத்தனை வருஷத்தில் வந்ததில்லை.

அவர் என் தோளைப் பிடிக்கிறார். கண் கலங்கியிருக்கிறது. "மொகத்தோட உள்ளத உனக்குத் தனியா சின்னதா ஒண்ணு போட்டுத் தாரேன். வீட்டுல வச்சுக்கலாம்." பிறகு இன்னும் பிரியமாக, என்னைத் தேற்றுவதாக நினைத்து, "வியாழக்கெழமைய நெனச்சுப் பயப்படாத பிலோ. மொகத்துக்கு என்ன ஆனாலும் நம்ம படத்துக்கு ஒரு கொறையும் வராது. இன்னும் பத்து வருசம் சேந்து வேல செய்யலாம்" என்கிறார்.

கிண்டல் இல்லை. மனசாரத்தான் சொல்கிறார்.

"கண்ண மூடுங்க" என்கிறேன்.

"எதுக்கு?"

"மூடுங்களேன்."

மூடுகிறார். சிரித்துக்கொண்டே மூடுகிறார், ஏதோ தரப்போகிறேன் என்று நினைத்திருக்கலாம்.

"எனக்குக் கட்டி எந்தப் பக்கம் இருக்கு? சொல்லுங்க."

சிரிப்பு மெல்லப் போகிறது. மூடின இமைக்குள் கண் உருளுவது தெரிகிறது, தேடுகிறார். அவர் கை தானாக அவருடைய கன்னத்துக்குப் போகிறது, பாதியில் நின்று கீழே இறங்குகிறது. என் முகம் அவருக்கு ஒரு முழ தூரத்தில், வெயிலில், இருக்கிறது. நான் காத்திருக்கிறேன்.

"வலப்பக்கம்" என்கிறார்.

கண்ணைத் திறங்க என்று நான் சொல்லவில்லை. அவரை அப்படியே நிற்க விட்டுவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொள்கிறேன்.